செஸ்னா 172-இல் அம்மீட்டர் முள் ஆடுகிறது: ஆல்டர்னேட்டரை மாற்றுவதா? சர்வீஸ் புல்லட்டின் நம்மைக் கட்டுப்படுத்துமா?

மேகவழி

வணக்கம். டெக்சஸில் நாங்கள் நான்கு பேர் கூட்டாக 1975 மாடல் செஸ்னா 172எம் ஒன்றை வைத்திருக்கிறோம். லைகோமிங் ஓ-320-இ2டி எஞ்சின், 14 வோல்ட் அமைப்பு, எஞ்சின் பெல்ட்டில் சுழற்றும் 60 ஆம்பியர் ஆல்டர்னேட்டர் (மின்னாக்கி). கொஞ்ச காலமாகவே அம்மீட்டர் (மின்னோட்டம் காட்டும் மானி) முள் நிலைகொள்ளாமல் இருபுறமும் ஆடுகிறது. தரையிறங்கு விளக்கைப் போட்டால் ஆட்டம் கூடுகிறது. பேட்டரி மட்டும் இதுவரை இறங்கியதில்லை.

கூட்டாளிகளில் ஒருவர் உடனே புது ஆல்டர்னேட்டர் வாங்கிவிடலாம் என்கிறார். இன்னொருவர், ஆல்டர்னேட்டர் தொடர்பான சர்வீஸ் புல்லட்டின்களை (உற்பத்தியாளர் வெளியிடும் பராமரிப்பு அறிவிப்புகளை) எல்லாம் தேடி எடுத்து ஒன்றுவிடாமல் செய்துவிட வேண்டும் என்கிறார். மூன்றாமவர், தனியார் விமானத்துக்குப் புல்லட்டின் கட்டாயமே இல்லை, வீண்செலவு என்கிறார். மூவரும் உறுதியாகப் பேசுவதால் எனக்கு முடிவெடுக்க முடியவில்லை. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

கருவிப்பெட்டி

ஆல்டர்னேட்டரைக் கழற்றாதீர்கள். முதலில் மல்டிமீட்டரை எடுங்கள். நான் அமெரிக்காவில் உரிமம் பெற்ற மெக்கானிக். வருடாந்தர ஆய்வில் கையெழுத்திடும் அதிகாரமும் உண்டு. ஆடும் முள்ளோடு வரும் பழைய செஸ்னாக்களில் ஆல்டர்னேட்டர் பெரும்பாலும் குற்றவாளியாக இருப்பதில்லை.

உங்கள் காலத்து விமானத்தில் ரெகுலேட்டருக்கு இரண்டு வேலைகள். பஸ் பாரில் (எல்லாக் கருவிகளுக்கும் மின்சாரம் பிரியும் பட்டையில்) எத்தனை வோல்ட் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். அதற்கேற்ப ஆல்டர்னேட்டரின் ஃபீல்ட் சுருளுக்கு (காந்தப்புலம் உண்டாக்கும் சுருள்) மின்னோட்டம் அனுப்ப வேண்டும். இந்த இரண்டு வேலைக்கும் ஒரே கம்பிதான். அந்தக் கம்பி நேராகவும் வருவதில்லை. மாஸ்டர் சுவிட்சின் ஆல்டர்னேட்டர் பாதி (மறுபாதி பேட்டரிக்கு), ஓவர்வோல்டேஜ் சென்சார், இடையில் ஐம்பது வருடமாக வியர்த்துக் கருத்துப் போன இணைப்பிகள் என்று ஒவ்வொன்றாகக் கடந்து வருகிறது.

இவற்றில் எங்காவது கால் ஓம் தடை சேர்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஃபீல்டுக்கு 2 ஆம்பியர் போகும்போது அரை வோல்ட் வழியிலேயே தொலைந்துவிடும். பஸ்ஸில் மின்னழுத்தம் குறைந்துவிட்டது என்று ரெகுலேட்டர் எண்ணிக்கொண்டு ஃபீல்டை ஏற்றும். பஸ் உயரும், உடனே ஃபீல்டைக் குறைக்கும், குறைத்தவுடன் வழியில் தொலைந்த வோல்ட் திரும்பி வரும், இன்னும் குறைக்கும். இப்படித் துரத்திக்கொண்டே இருப்பதைத்தான் முள் காட்டுகிறது. விளக்கைப் போட்டால் ஃபீல்ட் மின்னோட்டம் கூட வேண்டும், தடையில் இழப்பும் கூடும். நீங்கள் சொன்ன அடையாளம் இதற்கு அப்படியே பொருந்துகிறது.

சோதிப்பது எளிது. எஞ்சின் நிற்கட்டும், மேக்னெட்டோ (எஞ்சினுக்குத் தீப்பொறி தருவது) இரண்டும் அணைந்து சாவி உங்கள் பையில் இருக்கட்டும். மாஸ்டரின் இரு பாதிகளையும் போடுங்கள். பேட்டரி மின்னழுத்தம் ரெகுலேட்டரின் இலக்குக்குக் கீழே இருப்பதால் அது ஃபீல்டை முழுதாகத் திறந்துவிடும். இப்போது மீட்டரின் ஒரு முனையைப் பஸ் பாரிலும் மறுமுனையை ரெகுலேட்டரின் உள்வாயிலிலும் வையுங்கள். மீட்டர் காட்டுவதுதான் வழியில் தொலையும் வோல்ட். கால் வோல்ட்டைத் தாண்டினால் நான் விடமாட்டேன். பிறகு ஒவ்வொரு இணைப்பாக முனையை நகர்த்திக்கொண்டே வாருங்கள். எந்த இடத்தில் எண் தாவுகிறதோ அங்கேதான் நோய்.

ரெகுலேட்டரின் உடல் தரையோடு சரியாகச் சேர்ந்திருக்கிறதா என்பதையும் பாருங்கள். பெயின்ட் மேல் திருகி வைத்த ரெகுலேட்டர்களும் இதே கூத்தைக் காட்டும்.

புதுச்சிறகு

ஒரு அடிப்படைக் கேள்வி, மன்னிக்கவும். ஃபுளோரிடாவில் பயிற்சி எடுத்துக்கொண்டிருக்கிறேன். பறக்கும்போது ஆல்டர்னேட்டர் நின்றுபோனால் எஞ்சினும் நின்றுவிடுமா? சக மாணவர்கள் ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

ஓடுபாதை31

நல்ல கேள்வி தம்பி. நான் பயிற்றுநர், இதை ஒவ்வொரு மாணவரிடமும் கேட்பேன்.

மேக்னெட்டோ உள்ள எஞ்சின் நிற்காது. மேக்னெட்டோ தன் மின்சாரத்தைத் தானே உண்டாக்கிக்கொள்கிறது. பேட்டரியைக் கழற்றி எறிந்தாலும் தீப்பொறி வரும். நீங்கள் இழப்பது ரேடியோ, டிரான்ஸ்பான்டர் (ராடாருக்குப் பதில் தரும் கருவி), விளக்குகள், மின்சார ஃபிளாப், எரிபொருள் அளவி போன்றவற்றை.

172எம்-இல் இருப்பது நடுவில் பூஜ்யம் உள்ள அம்மீட்டர். முள் கழித்தல் பக்கம் சாய்ந்தால் பேட்டரி கரைகிறது என்று பொருள். கூடவே ‘ஹை வோல்டேஜ்’ என்ற சிவப்பு விளக்கு எரிந்தால், ஓவர்வோல்டேஜ் சென்சார் ஆல்டர்னேட்டரைத் துண்டித்துவிட்டது. மாஸ்டரின் இரு பாதிகளையும் அணைத்து மீண்டும் போடுங்கள். விளக்கு திரும்ப எரிந்தால் அது தற்செயல் அல்ல. பயணத்தை முடித்துக்கொண்டு இறங்குங்கள்.

பேட்டரி எவ்வளவு நேரம் தாங்கும் என்பதைக் கணக்குப் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். 25 ஆம்பியர்-மணி என்று அதன் மேல் எழுதியிருப்பது புதிதாக இருந்தபோது உள்ள அளவு. பழைய பேட்டரியில் முக்கால் பங்கு இருந்தால் நல்லது. தரையிறங்கு விளக்கு மட்டும் 7 ஆம்பியர் தின்னும். பிட்டோ ஹீட்டும் (வேகமானிக் குழாயின் சூடேற்றி) போட்டிருந்தால் அதே அளவு இன்னொரு மடங்கு. ரேடியோவும் டிரான்ஸ்பான்டரும் சேர்ந்தால் அரைமணி நேரத்துக்கு மேல் நம்ப வேண்டாம். பெரிய சுமைகளை அணைத்துவிட்டு ஒரே ஒரு ரேடியோவை மட்டும் வைத்துக்கொண்டால் இந்த நேரம் மளமளவென்று நீளும்.

ஒன்று கவனியுங்கள். மின் உற்பத்தி முற்றிலும் நின்றாலும் அவசியமான கருவிகளைப் பேட்டரி 30 நிமிடம் தாங்க வேண்டும் என்ற விதி அமெரிக்காவின் சிறு விமானச் சான்று விதிகளின் 23-ஆம் பகுதிக்குள் 1996-இல்தான் வந்தது. 172 முதலில் சான்று பெற்றது 1955-இல், அதற்கும் முந்தைய விதிகளின்படி. மேகவழியின் விமானத்தில் அந்த அரைமணி நேரத்தை யாரும் எழுத்தில் உறுதிசெய்யவில்லை. அதை உறுதிசெய்ய வேண்டியவர் விமானிதான்.

நீலவான்

நண்பர்களே, பெல்ட் ஆல்டர்னேட்டரை மட்டும் வைத்துப் பேசிக்கொண்டிருக்கிறோம். நான் ஓட்டுவது பொனான்சா விமானம், எஞ்சின் காண்டினென்டல் ஐஓ-520. இதில் ஆல்டர்னேட்டர் எஞ்சினின் முன்பக்கம் பற்சக்கரத்தில் பூட்டப்பட்டிருக்கிறது. பெல்ட் அறுந்துவிடுமே என்ற கவலை இல்லை. ஆனால் கவலை வேறு திசையிலிருந்து வருகிறது.

ஆல்டர்னேட்டர் தண்டுக்கும் பற்சக்கரத்துக்கும் நடுவே ரப்பர் பிணைத்த ஓர் இணைப்பி இருக்கிறது. பேரிங் இறுகிப் பிடித்துக்கொண்டால் அந்த இணைப்பி வழுக்கிக்கொடுத்து எஞ்சினின் பற்களைக் காப்பாற்ற வேண்டும். அதுதான் அதன் பிறவிப்பயன். வெப்பத்திலும் எண்ணெயிலும் வருடக்கணக்கில் கிடந்து ரப்பர் கெட்டித்துப் பொடிந்தால், அந்தப் பொடி போவதற்கு வேறு இடமில்லை. நேராக எஞ்சினின் வயிற்றுக்குள்தான் போகும். அங்கிருந்து எண்ணெய் பம்ப்பின் வலையை அடைக்கலாம். இணைப்பியைப் பிடித்திருக்கும் நட்டும் அதன் காட்டர் பின்னும் கழன்றாலும் அதே வழிதான்.

எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். ஒரு பழுதுபார்க்கும் கடையில் முழுமையாகச் சீரமைத்தது என்ற காகிதத்தோடு ஆல்டர்னேட்டர் வந்தது. அடுத்த எண்ணெய் மாற்றத்தில் ஃபில்டரை வெட்டி, மடிப்புத் தாளைப் பிரித்து வெயிலில் விரித்தபோது உலோக மினுமினுப்பு எதுவும் இல்லை. மிளகுத்தூள் போலக் கறுப்பாக ஏதோ இருந்தது. நகத்தால் நசுக்கினால் நசுங்கியது, காந்தத்தில் ஒட்டவில்லை. ஆல்டர்னேட்டரைக் கழற்றிப் பார்த்தால் இணைப்பியின் ரப்பரில் விளிம்பு முழுக்க வெடிப்பு. சீரமைத்தவர்கள் உள்ளே எல்லாவற்றையும் புதுப்பித்துவிட்டு, இணைப்பியை மட்டும் பழையதையே போட்டு அனுப்பியிருந்தார்கள்.

இந்த இணைப்பியைச் சோதிப்பது பற்றி காண்டினென்டல் சர்வீஸ் புல்லட்டின் வெளியிட்டிருக்கிறது. தண்டைப் பிடித்துக்கொண்டு டார்க் ரெஞ்சால் பற்சக்கரத்தைச் சுழற்றிப் பார்க்க வேண்டும். குறிப்பிட்ட அளவுக்குள் வழுக்கினால் அது குப்பைக்கு. சட்டப்படி நான் அதைச் செய்ய வேண்டியதில்லை. ஆனாலும் ஒவ்வொரு வருடாந்தர ஆய்விலும் தவறாமல் செய்கிறேன். மேகவழியின் மூன்றாவது கூட்டாளியிடம் இதைச் சொல்லுங்கள்.

ஆர்வி_ஏழு

நீலவானின் அனுபவத்தை மறுக்கவில்லை. ஆனால் புல்லட்டின் என்றாலே தலைவணங்க வேண்டும் என்ற மனப்பான்மையை ஏற்க மாட்டேன். உற்பத்தியாளர் நாளைக்கு வழக்கு வந்தால் தப்பிக்கவும் புல்லட்டின் எழுதுகிறார். முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் ‘கட்டாயம்’ என்று போட்டுவிட்டால் அவருடைய பொறுப்பு முடிந்தது. செலவு நம் தலையில். இருபது வருடம் ஓடிய ஒரு பாகத்தில் திடீரென்று ஒரு தொகுதி எண்ணுக்கு மட்டும் சிக்கல் என்றால் நம்புகிறேன். எல்லா எண்ணுக்கும், எல்லா வருடத்துக்கும், புதுப்பாகம் எங்களிடமே வாங்குங்கள் என்றால் யோசிக்கிறேன்.

நான் சொந்தமாகக் கட்டிய ஆர்வி-7 ஓட்டுகிறேன். சோதனை வகை விமானம் என்பதால் கார்களில் வரும் டென்சோ ஆல்டர்னேட்டரைப் போட்டிருக்கிறேன். சான்று பெற்ற ஆல்டர்னேட்டரின் விலையில் சிறு பங்குதான் ஆனது. உலகம் முழுக்கக் கோடிக்கணக்கில் ஓடும் பொருளைவிட, வருடத்துக்குச் சில ஆயிரம் தயாராகும் பொருள் எந்த வகையில் நம்பகமானது?

கருவிப்பெட்டி

ஆர்வி_ஏழு, உங்கள் கேள்வியில் நியாயம் உண்டு; பதிலும் உண்டு.

முதலில் சட்டம். தனியார் பயன்பாட்டுக்கான அமெரிக்க விதிகளின் 91-ஆம் பகுதியில் பறக்கும் விமானத்துக்கு உற்பத்தியாளரின் சர்வீஸ் புல்லட்டின், ‘கட்டாயம்’ என்று அச்சிட்டிருந்தாலும், தானாகச் சட்டம் ஆகிவிடாது. அமெரிக்க விமானத் துறையான எஃப்ஏஏ அதை எடுத்து வான்தகுதி ஆணையாக வெளியிட்டால் கட்டாயம். விமானத்தின் வான்தகுதி வரம்புகள் பிரிவில் அது இடம்பெற்றிருந்தால் கட்டாயம். வாடகைக்குப் பறக்கும் நிறுவனங்களுக்குத் தங்கள் அங்கீகாரத்தில் எழுதிக்கொண்டவை கட்டாயம். எஃப்ஏஏ வெளியிடும் சிறப்புத் தகவல் அறிக்கை பரிந்துரை மட்டுமே. ஆக மூன்றாவது கூட்டாளி சொல்வது சட்டப்படி சரி.

ஆனால் என் பணிமனைக்கு வரும் புல்லட்டினில் நான் முதலில் பார்ப்பது, அந்தப் பாகம் கெட்டால் அடுத்து எது கெடும் என்பதை. பெல்ட் ஆல்டர்னேட்டர் கெட்டால் மின்சாரம் போகும். பற்சக்கர ஆல்டர்னேட்டரின் இணைப்பி கெட்டால் எஞ்சினே போகலாம். இரண்டும் ஒரே தலைப்பில் வந்தாலும் ஒரே எடை அல்ல. முன்னதை வாடிக்கையாளரோடு பேசி, பறக்கும் நேரம், இரவுப் பயணம், மேகத்துக்குள் பறப்பாரா என்பதையெல்லாம் பார்த்து முடிவெடுப்பேன். பின்னதைச் செய்யாமல் ஆய்வுப் புத்தகத்தில் என் பெயரை எழுத மாட்டேன். வேண்டுமானால் அவர் வேறு மெக்கானிக்கைப் பார்த்துக்கொள்ளலாம்.

அடுத்து கார் ஆல்டர்னேட்டர். காரில் அது ஓடும் நிலையும் லைகோமிங்கின் மூக்கில் ஓடும் நிலையும் ஒன்றல்ல. புரொப்பெல்லருக்குப் பின்னால் ரிங் கியரோடு (ஸ்டார்ட்டர் சுழற்றும் பற்சக்கரம்) வரும் பெரிய கப்பி 9¾ அங்குலம். ஆல்டர்னேட்டரின் கப்பி சுமார் 3 அங்குலம் என்றால் எஞ்சின் நிமிடத்துக்கு 2,500 சுற்று ஓடும்போது ஆல்டர்னேட்டர் 8,000 சுற்றைத் தாண்டும், அதுவும் மணிக்கணக்கில். கார் அந்த வேகத்தில் எப்போதாவதுதான் ஓடும். நான்கு பெரிய சிலிண்டர்களின் அதிர்வு வேறு. ஆல்டர்னேட்டரின் வெளிவாயில் கம்பி அந்த அதிர்வில்தான் லக் (கம்பி முனையின் உலோக வளையம்) ஓரமாக முறிகிறது. நான் பார்த்த ‘ஆல்டர்னேட்டர் செத்துவிட்டது’ புகார்களில் பல, முறிந்த லக்கும் தளர்ந்த நட்டும்தான்.

டென்சோவின் தரத்தை நான் குறை சொல்லவில்லை. என் கவலை அதன் உள்ளே இருக்கும் ரெகுலேட்டரைப் பற்றி. வெளி ரெகுலேட்டர் கெட்டு மின்னழுத்தம் எகிறினால் ஃபீல்ட் கம்பியைத் துண்டித்து நிறுத்திவிடலாம். உள் ரெகுலேட்டர் கெட்டால் வெளியிலிருந்து நிறுத்த வழியில்லை. வெளிவாயிலில் கான்டாக்டர் (மின்காந்த சுவிட்ச்) வைத்துத் துண்டித்தால், சுமையை இழந்த ஆல்டர்னேட்டரின் மின்னழுத்தம் குதித்து அதன் டையோடுகளையே எரித்துவிடும். உங்கள் விமானத்தில் இதற்கு என்ன ஏற்பாடு?

ஆர்வி_ஏழு

உள் ரெகுலேட்டரை எடுத்துவிட்டேன். பிரஷ்களிலிருந்து கம்பியை வெளியே கொண்டுவந்து, தனி ரெகுலேட்டரும், மின்னழுத்தம் எல்லை தாண்டினால் ஃபீல்ட் பிரேக்கரைத் தட்டிவிடும் பாதுகாப்புச் சுற்றும் வைத்திருக்கிறேன். மேலும், வேக்யூமில் சுழலும் ஜைரோ கருவிகளை எடுத்துவிட்டு மின்னணுத் திரைக்கு மாறியதால் வேக்யூம் பம்ப்பின் இடம் காலியாக இருந்தது. அங்கே பி அண்ட் சி நிறுவனத்தின் 8 ஆம்பியர் நிலைக்காந்த ஆல்டர்னேட்டரைப் பூட்டியிருக்கிறேன். முதன்மை ஆல்டர்னேட்டர் போனாலும் ஒரு ரேடியோவும் திரையும் எரிபொருள் தீரும்வரை ஓடும். புல்லட்டினுக்குச் செலவழிக்கும் பணத்தை இப்படி இரண்டாவது வழிக்குச் செலவழியுங்கள் என்பதுதான் என் வாதம்.

கருவிப்பெட்டி

அப்படியென்றால் உங்களோடு எனக்குச் சண்டை இல்லை. நல்ல வேலை. ஆனால் பொனான்சாவின் இணைப்பியை எந்த இரண்டாவது ஆல்டர்னேட்டரும் காப்பாற்றாது என்பதையும் ஒப்புக்கொள்ளுங்கள்.

ஆர்வி_ஏழு

ஒப்புக்கொள்கிறேன். எஞ்சினுக்குள் விழக்கூடிய எதையும் நான் விவாதத்துக்கு உட்படுத்தவில்லை.

ரைன்கரை

ஜெர்மனியிலிருந்து எழுதுகிறேன். ஓடுபாதை31 சொன்ன ‘எஞ்சின் நிற்காது’ என்ற பதில் மேக்னெட்டோ உள்ளவரைதான் செல்லுபடியாகும். புதுச்சிறகு இதையும் சேர்த்துப் படிக்க வேண்டும், ஏனென்றால் அவர் உரிமம் பெறும்போது எந்த எஞ்சினில் ஏறுவார் என்று தெரியாது.

2007 மார்ச் 4, இங்கே ஷ்பையர் விமான நிலையம். டயமண்ட் டிஏ42, இரண்டு டீலெர்ட் டீசல் எஞ்சின்கள். விமானத்தின் பேட்டரி இறங்கிக் கிடந்ததால் இரண்டு எஞ்சின்களையும் வெளி மின்சாரத்தில் கிளப்பினார்கள். இரண்டாவது எஞ்சினை விமானத்தின் சொந்த மின்சாரத்தில் கிளப்ப வேண்டும் என்பது கையேட்டின் முறை. மேலெழும்பிச் சக்கரங்களை உள்ளிழுத்தார்கள். அந்த மோட்டார் இழுத்த மின்னோட்டத்தைத் தாங்கிக்கொள்ளப் பேட்டரியில் சரக்கு இல்லை. மின்னழுத்தம் கணநேரம் சரிந்தது. எஞ்சின்களை ஆளும் கணினிகள் மறுதொடக்கம் ஆயின. இரண்டு புரொப்பெல்லர்களும் ஃபெதர் நிலைக்கு (இலைகள் காற்றைத் தள்ளாமல் திரும்பி நிற்கும் நிலை) போய் உந்துவிசை அற்றுப்போனது. ஓடுபாதையைத் தாண்டிய வயலில் இறங்க வேண்டியதாயிற்று. உயிர்கள் தப்பின.

இதில் என்னை உலுக்குவது, அன்று ஆல்டர்னேட்டர் இரண்டும் நல்ல நிலையில் இருந்தன என்பதுதான். ஆல்டர்னேட்டர் தனியாக மின்சாரத்தைத் தாங்குவதில்லை. திடீர்ச் சுமையை ஏற்றுக்கொள்வது பேட்டரி. பேட்டரி சோர்ந்திருந்தால் எத்தனை ஆல்டர்னேட்டர் இருந்தும் பயனில்லை. அதற்குப் பிறகு ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு அமைப்பு ஆணை பிறப்பித்தது. எஞ்சின் கணினிகளுக்குத் தனி பேட்டரியும் வந்தது.

இதே பாடம் சிறிய எஞ்சின்களிலும் இருக்கிறது. ரோட்டாக்ஸ் 912 ஐஎஸ்-இல் உள்ளேயே இரண்டு மின்னாக்கிகள்: ஒன்று எஞ்சினின் கணினிக்கும் எரிபொருள் பம்ப்புக்கும், மற்றது விமானத்துக்கு. முதலாவது போனால் இரண்டாவது எஞ்சினுக்கு ஓடிவந்துவிடும். விமானத்தின் கருவிகள் பேட்டரியில் நிற்கும். கார்புரேட்டர் உள்ள சாதாரண 912-இல் பலவீனம் மின்னாக்கியில் இல்லை, ரெகுலேட்டரில். அதன் உடல் 80 பாகை செல்சியஸைத் தாண்டக் கூடாது. எஞ்சின் அறையில் காற்று படாத மூலையில் பூட்டியிருந்தால் கோடையில் அது கருகும். எங்கள் சங்கத்து விமானத்தில் அதை ஃபயர்வாலின் (எஞ்சின் அறையைப் பிரிக்கும் சுவர்) கீழ்ப்பகுதிக்கு நகர்த்தி, விரலளவு குழாய் ஒன்றால் குளிர்காற்றை அதன் துடுப்புகள் மேல் பாய்ச்சினோம். அதன் பிறகு அது கெடவில்லை.

புதுச்சிறகு

மிக்க நன்றி சார். அப்படியானால் பேட்டரி முற்றிலும் இறங்கிய 172-ஐக் கையால் புரொப்பெல்லர் சுழற்றிக் கிளப்பினால் ஆல்டர்னேட்டர் அதை நிரப்பிவிடும் என்று சொல்கிறார்களே, அது சரியா?

ஓடுபாதை31

சரியல்ல. ஆல்டர்னேட்டரின் ஃபீல்டுக்கு முதல் மின்னோட்டம் பேட்டரியிலிருந்துதான் வர வேண்டும். முற்றிலும் செத்த பேட்டரியில் பேட்டரி கான்டாக்டரே மூடாது. ஆல்டர்னேட்டர் சும்மா சுழலும், ஒன்றும் தராது. மேக்னெட்டோ இருப்பதால் எஞ்சின் ஓடும், அதைப் பார்த்து எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துவிடுவார்கள். புரொப்பெல்லரைக் கையால் சுழற்றுவது பயிற்சி பெறாதவர் கையை எடுத்துவிடும் வேலையும்கூட. பேட்டரியைக் கழற்றி நிரப்பிவிட்டு நாளைக்குப் பறங்கள்.

மேகவழி

எல்லோருக்கும் நன்றி. கருவிப்பெட்டி சொன்னபடி எங்கள் மெக்கானிக்கோடு உட்கார்ந்து அளந்து பார்த்தோம். பஸ்ஸிலிருந்து ரெகுலேட்டருக்குள் 0.9 வோல்ட் தொலைகிறது. மீட்டரின் முனையை நகர்த்திக்கொண்டே வந்தபோது பாதிக்கு மேல் மாஸ்டர் சுவிட்சின் ஆல்டர்னேட்டர் பாதியிலேயே போவது தெரிந்தது. மீதி, சுவிட்சுக்குப் பின்னால் உள்ள ஒரு லக்கில். தொட்டதும் அசைந்தது, அடியில் பச்சை பூத்திருந்தது.

சுவிட்சை மாற்றி, லக்கைப் புதிதாக அழுத்தியதும் இழப்பு 0.1 வோல்ட்டுக்கு இறங்கிவிட்டது. முள் இப்போது அசையாமல் நிற்கிறது. ஆல்டர்னேட்டரையும் திறந்து பார்த்தோம். பிரஷ்கள் தேய்ந்து கடைசிக்கு வந்திருந்தன, அவற்றையும் மாற்றினோம். பெல்ட்டில் வெடிப்பு தெரிந்ததால், புரொப்பெல்லரை இறக்கிப் புது பெல்ட் போட்டாகிவிட்டது. புது ஆல்டர்னேட்டர் வாங்கவில்லை.

இரண்டு கேள்விகள் மிச்சம். புது பெல்ட்டை எவ்வளவு இறுக்க வேண்டும்? அவசரத்துக்கு ஓர் உதிரி பெல்ட்டை எஞ்சின் மூக்கில் கட்டி வைத்துக்கொள்ளலாம் என்கிறார்களே, செய்யலாமா?

கருவிப்பெட்டி

மகிழ்ச்சி.

பெல்ட் இறுக்கத்துக்கு லைகோமிங்கின் சர்வீஸ் இன்ஸ்ட்ரக்ஷன் 1129 இருக்கிறது. கட்டாயம் இல்லாத காகிதம்தான், ஆனால் நான் தினமும் பயன்படுத்துவது. ஆல்டர்னேட்டர் கப்பியின் நட்டில் டார்க் ரெஞ்சை வைத்து, கப்பி பெல்ட்டில் வழுக்கும் அளவைப் பார்க்க வேண்டும். ⅜ அங்குல பெல்ட் புதிதென்றால் 11 முதல் 13 அடி-பவுண்ட்; ஓடிய பெல்ட்டுக்கு 7 முதல் 9. ½ அங்குல பெல்ட்டுக்கு முறையே 13 முதல் 15, 9 முதல் 11. உங்களுடையது எந்த அகலம் என்று அளந்துகொள்ளுங்கள். புது பெல்ட் நீளும். 25 மணி நேரம் ஓடியதும் மறுபடி பாருங்கள். பலர் விட்டுவிடுவது இந்த இரண்டாவது சோதனையைத்தான். தளர்ந்தால் வழுக்கிக் கருகும். பயந்துபோய் அதிகம் இறுக்கினால் ஆல்டர்னேட்டரின் முன் பேரிங் தேயும்.

உதிரி பெல்ட் கட்டி வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. புரொப்பெல்லரை இறக்காமல் மாற்றிவிடலாம் என்பது உண்மை. தொலைதூர ஓடுதளங்களுக்குப் போகிறவர்கள் செய்கிறார்கள். ஆனால் எஞ்சின் வெப்பத்தில் வருடக்கணக்கில் கட்டிக்கிடந்த ரப்பர் தேவைப்படும் நாளில் எந்த நிலையில் இருக்கும்? கட்டு அவிழ்ந்தால் சுழலும் ரிங் கியர் பக்கத்திலேயே இருக்கிறது. கட்டியே ஆக வேண்டும் என்றால் ஒவ்வொரு ஆய்விலும் அதையும் வளைத்துப் பாருங்கள், வெடிப்பு தெரிந்தால் தூக்கி எறியுங்கள்.

அந்தப் பழைய சுவிட்சைக் குப்பையில் போடவில்லையே? எஃப்ஏஏ படிவம் 8010-4-இல் பழுது அறிக்கை ஒன்று எழுதி அனுப்பச் சொல்லுங்கள் உங்கள் மெக்கானிக்கை. விமான மாடல், பாகத்தின் எண், எத்தனை மணி நேரம் ஓடியது, அளந்த வோல்ட், இவ்வளவு போதும். நீலவான், உங்கள் இணைப்பிக்கு அனுப்பினீர்களா?

நீலவான்

அனுப்பினேன். ஃபில்டர் தாளின் படத்தையும் சேர்த்துத்தான்.

மேகவழி

சுவிட்ச் என் மேசை மேல் இருக்கிறது. படிவத்தை இன்றிரவே நிரப்பி மெக்கானிக்கின் கையெழுத்துக்கு அனுப்புகிறேன். பெல்ட் ⅜ அங்குலம். 12 அடி-பவுண்டில் வைத்திருக்கிறோம். 25 மணி நேரம் ஓடியதும் அளவை இங்கேயே பதிகிறேன்.